தொத்து வியாதிகளும் நம் சமூகத்தின் கடமையும்

(நெம்மேலியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தொத்து வியாதிகளைத் தடுக்கும் வழிகளைப்பற்றியும், ஊசி குத்திக்கொள்வதன் பலனைப்பற்றியும் சில வார்த்தைகள் கூறவேண்டுமென்பது சங்க நிர்வாகிகள் எமக்கு இட்ட கட்டளை. யாம் வைத்தியரல்லோம்; ஆயினும் இப்பொருள் வைத்தியர்களுக்கு மட்டும் உரியதன்று. ஒரு வீட்டில் தோன்றும் வியாதி அடுத்த வீட்டை நாடிச் செல்லுங்கால் அது குடும்பத்தின் காரியமாகவன்றிச் சமூகத்தின் காரியமாகிவிடுகின்றது. ஆதலின் சமூகத்தின் நன்மைக்கென்றே ஏற்பட்ட இச்சங்கத்தில் இதனைப் பேசுதல் பொருத்தமேயாம்.

யாம் கூற வந்தது ஒன்றே. தொத்து வியாதியை வெல்லுதற்கு இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று ஊசி; மற்றொன்று ஒளிவின்மை. ஊசி செய்யக்கூடிய வேலையை ஊசியே செய்யவேண்டும். அது செய்யமாட்டாத வேலையை நம்முடைய வாய்தான் செய்யவேண்டும். இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் தூரதேசம் செல்ல வேண்டுவதில்லை. நமது பழைய செங்கற்பட்டு ஜில்லாவே உலகத்துக்கு அச்சான்றைக் கொடுத்திருக்கின்றது.

முதலில் வைசூரியை எடுத்துக்கொள்வோம். நம் பாட்டிமார் காலத்தில் ஒரு வீட்டில் அம்மை கண்டால் என்ன செய்தார்கள்? வாயிலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினார்கள். அடுப்பில் தாளிதம் செய்யவில்லை. அயலார் உள்ளே வரவில்லை; உள்ளிருப்போர் விசேஷங்களுக்குச் செல்லவில்லை. தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரையில் அவ்வீடு ஒதுங்கியே இருந்தது. இதனை மாரியம்மனிடத்து வைத்த பக்தி என்று கூறுவோரும் உளர். மூடநம்பிக்கை என்று கூறுவோரும் உளர். எவ்வாறாயினும், அவ்வேப்பிலைக் கொத்து ஒரு பெரிய காரியத்தைச் செய்தது. ‘இவ்வீட்டில் நோய் இருக்கின்றது’ என்று ஊருக்குப் பகிரங்கமாக அறிவித்தது. அறிவித்தவரை ஊரார் இகழவில்லை. அம்மன் எழுந்தருளியிருக்கிறாளென்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். வெட்கமின்றி அறிவித்தலும், வெறுப்பின்றி ஒதுங்கியிருத்தலுமாகிய இரண்டையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

ஆனால் ஒதுங்கியிருத்தல் மாத்திரம் வைசூரியை ஒழிக்கவில்லை. 1796-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜென்னர் என்னும் வைத்தியர், மாட்டம்மைப் பாலைக் குத்திக்கொண்டவரை வைசூரி தீண்டுவதில்லையென்று கண்டறிந்தார். 1802-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14-ஆம் தேதி பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்னும் 3 வயதுக் குழந்தைக்கு அப்பால் குத்தப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. பின்னர் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றிக் குத்தும் முறை நெடுநாள் நடைபெற்றது. 1899-ஆம் ஆண்டில் சென்னைக் கிண்டியில் ஏற்பட்டதும், சுகாதார அதிகாரியாயிருந்த கிங் என்பவரின் பெயரால் இன்றளவும் விளங்குவதுமான ஸ்தாபனம், கன்றுகளின் தோலில் அம்மைப்பாலை வளர்த்து மாகாணம் முழுமைக்கும் அனுப்பிற்று. நம் கிராமங்களில் அம்மை குத்துகிறவர் வந்தாரென்றால் பிள்ளைகள் வைக்கோற்போரில் ஒளிந்துகொண்ட கதைகளை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

இங்ஙனம் நூறாண்டுகளுக்கு மேலாகக் குத்தியும் வைசூரி முற்றிலும் ஒழியவில்லை. ஒழிந்தது எப்போது? ஊசியோடு தேடுதலும் சேர்ந்தபோதுதான். 1970-க்குப் பின்னர் சுகாதார ஊழியர்கள் அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் கையிலேந்தி வீடுவீடாகச் சென்று, ‘இவ்வாறு யாருக்கேனும் கண்டிருக்கின்றதா?’ என்று கேட்டனர். தகவல் கொடுத்தவர்க்கு வெகுமதியளித்தனர். ஒரு நோயாளி அகப்பட்டவுடன் அவரைச் சூழ்ந்திருந்த யாவருக்கும் ஊசி போட்டு, நோய் வெளியேறும் வழியை அடைத்தனர். 1975-ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் வைசூரி முடிந்தது. 1980-ஆம் ஆண்டில் உலகத்திலேயே இல்லையென்று பிரகடனம் செய்யப்பட்டது. ஊசி வேலியாயிற்று, யாரிடத்தில் நோய் இருக்கின்றதென்று சொன்ன வாய் அவ்வேலிக்குக் காவலாயிற்று. இதனை நீங்கள் நன்கு மனத்திற் கொள்ளல்வேண்டும்.

இனி, க்ஷயரோகம் என்னும் காசநோய்க்கு வருவோம். இதுவே இன்று நம்மைப் பெரிதும் வருத்துவது. நாம் பெரிதும் மறைப்பதும் இதுவே. முற்காலத்தில் இது பரம்பரையாக வரும் நோயென்று பலரும் எண்ணியிருந்தனர். 1882-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய கோக் என்பவர் இதற்குக் காரணமான கிருமியைக் கண்டு, இது இரத்தத்தில் வரும் குலநோயன்று, இருமலால் காற்றில் பரவும் தொத்து நோயே என்று விளக்கினார். பின்னர் பிரான்சு தேசத்தில் கால்மெட், கெரென் என்னும் இருவர் 13 ஆண்டுகள் முயன்று, மாட்டுக் காசநோய்க் கிருமியின் வீரியத்தைக் குறைத்து ஒரு தடுப்பு மருந்தாக்கினர். அதுவே பி.சி.ஜி. 1921-ஆம் ஆண்டில் பாரிஸில் முதன்முதல் ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டில் கிண்டியில் அதனைத் தயாரிக்கும் நிலையம் ஏற்பட்டது. விரைவில் லட்சக்கணக்கான ஜனங்களுக்கு அவ்வூசி போடலாயினர்.

அப்போது அதனை எதிர்த்தவர் சாமானியர் அல்லர். முதல் மந்திரி பதவியிலிருந்து விலகியிருந்த ராஜாஜி அவர்களே 1955-ஆம் ஆண்டில் அவ்வூசியை ஆட்சேபித்து நூல் எழுதி வெளியிட்டார். உயிருள்ள கிருமியைச் சுகமாயிருக்கும் குழந்தைகளின் உடம்பில் செலுத்தலாமா, அதனால் வரும் பயன் ஐயமற நிரூபிக்கப்பட்டுள்ளதா என்பன போன்ற கேள்விகள் எழுந்தன. 1930-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் லூபெக் என்னும் நகரில், ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த கவனக்குறைவால் மருந்தில் கொடிய கிருமி கலந்து 70-க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டது நிகழ்ந்திருந்தபடியால், அத்தகைய அச்சத்தை வீண் அச்சமென்று தள்ளிவிட இயலாது. ஐயம் எழுப்புவது குற்றமன்று. ஐயத்திலேயே நின்றுவிடுவதுதான் குற்றம். கேள்விக்கு விடை காணும் வழி கூச்சலன்று, சோதித்துப் பார்த்தலேயாம்.

அச்சோதனை நடைபெற்ற இடம் எது? நம்முடைய செங்கற்பட்டு ஜில்லாதான். இக்காலத்துத் திருவள்ளூர், காஞ்சீபுரம் முதலிய ஜில்லாக்கள் யாவும் அந்நாளில் அதனுள் அடங்கியிருந்தன. 1968-ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமானது உலக சுகாதார ஸ்தாபனம், அமெரிக்கப் பொதுச் சுகாதார இலாகா ஆகியவற்றின் துணையுடன், சென்னைக்கு மேற்கேயுள்ள 209 கிராமங்களிலும் ஒரு பட்டணத்திலும் இவ்வாராய்ச்சியைத் தொடங்கிற்று. அங்கு வாழ்ந்த ஜனங்கள் ஏறக்குறைய 3,60,000 பேர். அவர்களுள் ஒரு சாராருக்கு மருந்து முழு அளவிலும், ஒரு சாராருக்குக் குறைந்த அளவிலும், மற்றொரு சாராருக்கு மருந்தில்லாத வெறும் திரவமும் குத்தப்பட்டன. யாருக்கு எது என்பது குத்தியவருக்கும் தெரியாது, குத்திக்கொண்டவருக்கும் தெரியாது. 1971-ஆம் ஆண்டில் ஊசி போடும் வேலை முடிந்தது. அதன் பின்னர் 15 ஆண்டுகள் வரை ஊழியர்கள் திரும்பத் திரும்ப அக்கிராமங்களுக்குச் சென்று, கோழையைச் சோதித்து, யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்று கணக்கெடுத்தனர். உலகத்தில் பி.சி.ஜி.யைப்பற்றி நடைபெற்ற ஆராய்ச்சிகளுள் இதுவே மிகப் பெரியது.

முடிவு யாது? ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது உலகம் திடுக்கிட்டது. பெரியவர்களுக்கு நுரையீரலில் வரும் க்ஷயத்தை, அதாவது கோழையில் கிருமியோடு வெளிப்பட்டுப் பிறருக்குப் பரவும் வகையை, அவ்வூசி தடுக்கவில்லை! 1999-ஆம் ஆண்டில் வெளியான 15 ஆண்டுக் கணக்கும் பெரியவர்களிடத்தில் காப்பு இல்லையென்றே கூறிற்று; சிறுவர்களிடத்துச் சிறிதளவு காணப்பட்டதும் உறுதியாகக் கொள்ளத்தக்கதாக இல்லை. இதற்குக் காரணம் நம் மண்ணிலும் நீரிலும் இயல்பாகவே உள்ள வேறு கிருமிகளின் தீண்டுதலாக இருக்கலாமென்று அறிஞர் பலவாறு ஆராய்ந்து வருகின்றனர்.

‘அப்படியாயின் ராஜாஜி சொன்னதே சரி, ஊசியே வேண்டாம்’ என்று அவசரப்படுவோர்க்கு ஒரு வார்த்தை. இச்சோதனை பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தைப்பற்றியே தீர்ப்புச் சொல்லிற்று. சிசுக்களுக்கு அந்நோய் வருங்கால் மூளையைச் சூழ்ந்த சவ்வைத் தாக்கியும், உடலெங்கும் சிதறியும், உயிரைக் கவர்ந்துவிடக்கூடும். அக்கொடிய வகைகளிலிருந்து பிறந்த குழந்தையைப் பி.சி.ஜி. காக்கின்றதென்பது பல நாடுகளில் நடைபெற்ற ஆராய்ச்சிகளால் தெளிவாகியுள்ளது. அதனாலன்றோ இன்றும் குழந்தை பிறந்தவுடன் அவ்வூசி இடப்படுகின்றது! அன்றியும், பெருவியாதி என்று நாம் அஞ்சும் குஷ்டரோகத்தினின்றும் அது ஓரளவு காக்கின்றது. 1991-ஆம் ஆண்டில் இதே செங்கற்பட்டுப் பிரதேசத்தில் 1,71,400 பேரிடத்தில் தொடங்கப்பெற்ற மற்றோர் ஆராய்ச்சியில், பி.சி.ஜி. மட்டும் குத்தப்பட்டவர்க்கு அந்நோய் 100-க்கு 34 பங்கு குறைந்ததாகக் கண்டனர்.

ஆகவே, செங்கற்பட்டு கற்பித்த பாடம் இதுதான்: இவ்வூசி குழந்தையின் உயிரைக் காக்கும், ஆனால் நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்லும் சங்கிலியை அறுக்காது. அச்சங்கிலியை அறுக்கவேண்டுமாயின், இருமுகின்றவர் யாரென்று கண்டு, அவருக்கு மருந்து கொடுத்தே தீரவேண்டும். முகமறியாத நம் ஜில்லாவாசிகள் தங்கள் கையை நீட்டி இந்த உண்மையை உலகத்துக்கு ஈந்தார்கள். அவர்கள் பேரன் பேத்திகளாகிய நாமே அதனை அறியாதிருத்தல் தகுமா?

மருந்து கொடுத்தல் கடினமான காரியமோவெனில், அதுவும் அன்று. இதற்கும் நம் சென்னையே வழிகாட்டிற்று. முன்பெல்லாம் க்ஷயரோகியை மலைப்பக்கத்துச் சானடோரியத்தில் மாதக்கணக்காக, சில வேளை வருஷக்கணக்காக, வைத்திருந்தனர். 1956-ஆம் ஆண்டில் சென்னையில் ஏற்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலுமாக வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். நெருக்கமான வீட்டில், குறைந்த உணவோடு, ஓய்வின்றி இருந்தவர்களும் ஏறத்தாழச் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர். 1959-ஆம் ஆண்டில் வெளியான அம்முடிவு உலகமெங்கும் க்ஷய சிகிச்சையின் முறையையே மாற்றிவிட்டது. இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. மருந்துண்ணும் நோயாளியை வீட்டில் வைத்திருந்ததனால் வீட்டிலுள்ளோர்க்கு அதிகமாக நோய் தொற்றவில்லை. தொற்றுவது பெரும்பாலும் நோய் இன்னதென்று அறியுமுன்னரும், மருந்து தொடங்குமுன்னருமே. ஒழுங்காக மருந்துண்ணத் தொடங்கிய சில வாரங்களில் பரவும் தன்மை பெரிதும் தணிந்துவிடுகின்றது.

இவ்விடத்தில்தான் யாம் வெளிப்படையாகப் பேசவேண்டியிருக்கின்றது. கேட்போர் மனம் வருந்தினும் பொறுத்தருளவேண்டும்.

நம் சமூகத்தில் வரன் தேடும் காலத்தில், ‘அவர்கள் வீட்டில் யாருக்கோ க்ஷயம் இருந்ததாம்’ என்னும் ஒரு சொல் போதும். நிச்சயமான சம்பந்தமும் நின்றுவிடுகின்றது. இதனால் விளைவது என்ன? அண்ணன் இருமினால் தங்கையின் கலியாணம் முடியும் வரையில் அவனைச் சோதனைக்கு அனுப்புவதில்லை. அனுப்பினாலும், தெரிந்தவர் பார்த்துவிடுவரென்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை விடுத்து எங்கேயோ தொலைவில் சென்று காட்டுகின்றனர். புகுந்த வீட்டாருக்குத் தெரியாமல் அரிசிப் பானையில் மாத்திரையை ஒளித்து வைத்து, இரண்டு மாதம் உண்டு, ஒளிக்க இடமின்றி நிறுத்திவிட்ட பெண்கள் உண்டென்று சங்கத்தின் காதுக்கு எட்டியிருக்கின்றது. ஆறு மாதம் உண்ணவேண்டிய மருந்தை இரண்டு மாதத்தில் நிறுத்தினால் நோய் தீர்வதில்லை. அம்மருந்துக்கு அடங்காத கிருமி வளர்வதற்கே இடம் கொடுத்ததாகும். அப்பெண்ணின் மடியில் தவழும் குழந்தைக்கு யார் பதில் சொல்வது?

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகிய அதே குலத்தினர், க்ஷயம் கண்ட வீட்டில் கதவைச் சாத்துகின்றோம். முன்னது தெய்வத்தின் வருகையாகவும் பின்னது குலத்தின் களங்கமாகவும் நமக்குத் தோன்றுகின்றது. இரண்டும் கிருமியின் செயலேயென்று அறிந்த பின்னும் இவ்வேற்றுமை ஏன்? செங்கற்பட்டை அடுத்த திருமணியில் குஷ்டரோகிகளுக்கென ஏற்பட்ட ஆசுபத்திரி 1955-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிலையமாயிற்று. அங்கு வந்து குணமடைந்தவர்களைத் திரும்ப ஏற்காத குடும்பங்கள் எத்தனை! மருந்து நோயைத் தீர்த்துவிடுகின்றது. நம் மனத்திலுள்ள நோய்க்கு மருந்து நம்மிடமே இருக்கின்றது.

திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் சந்நிதியில் மாலையணிந்து வலம்வந்து, நம் பிள்ளைகளுக்கு நல்ல வாழ்க்கைத்துணை வாய்க்கவேண்டுமென்று பிரார்த்திக்கின்றோம். நோயை மறைத்துச் செய்யும் கலியாணம் அப்பிரார்த்தனைக்குப் பொருந்துமா? குணமடைந்தவரைத் தள்ளிவைப்பதுதான் பொருந்துமா? இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பன. தள்ளுவார்களென்று மறைக்கின்றனர், மறைப்பார்களென்று ஐயுற்று யாவரையும் தள்ளுகின்றனர். தள்ளுவதை நாம் நிறுத்தினாலன்றி மறைப்பது நில்லாது.

ஊசியின் பெருமையை யாம் குறைத்துப் பேசியதாக ஒருவரும் நினைத்தல் கூடாது. மணல்வாரி அம்மை, தொண்டையடைப்பான், கக்குவான், இசிவு நோய், இளம்பிள்ளை வாதம் ஆகியவற்றுக்கு ஊசியும் சொட்டு மருந்துமே முதற்பெரும் காப்பு. இளம்பிள்ளை வாதம் இந்தியாவில் 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் கடைசியாகக் காணப்பட்டது. 2014-ஆம் ஆண்டில் நாடு அந்நோயினின்றும் விடுபட்டதாகச் சான்று பெற்றது. நம்மில் 60 வயதைக் கடந்தவர்கள் தம்முடன் பள்ளியில் படித்தவர்களுள் கால் சூம்பியவர்களை நினைவுகூர்வர். இக்காலத்துப் பள்ளிப் பிள்ளைகளிடத்து அக்காட்சி இல்லை. இஃது ஊசியும் சொட்டு மருந்தும் செய்த காரியம்.

ஊசியைக் கண்டு அஞ்சுவதும் மனித இயல்பே. 2021-ஆம் ஆண்டில் கொரோனா இரண்டாம் முறை பரவியபோது, நமக்கு வடக்கே கோவளத்தில் ஊசி போட்டுக்கொள்ளத் தகுதியுடையோர் ஆறாயிரத்துக்கு மேற்பட்டிருந்தும், இரண்டு மாதத்தில் 58 பேரே முன்வந்தார்களென்று பத்திரிகைகள் எழுதின. பின்னர் தொண்டு செய்வோர் சிலர் விருந்தும், குலுக்கல் முறையில் பரிசும் அளிப்பதாக அறிவிக்க, மூன்று நாளில் 345 பேர் வந்தனராம். பிரியாணிக்காக வந்தார்களென்று சிலர் நகைத்தனர். யாம் நகைக்கமாட்டோம். பயத்தோடு தனித்திருந்தவர்களைக் கூட்டமாக வரச்செய்தது அவ்விருந்து. ஒரு வீட்டார் போட்டுக்கொண்டு நலமாகத் திரும்பியதைக் கண்ட அடுத்த வீட்டாருக்குத் தைரியம் பிறக்கின்றது. அவ்வேலையைச் செய்வதற்கு நம் சங்கத்தைவிடத் தகுந்தது யாது? கலியாணத்துக்கும் கருமாதிக்கும் வீடுவீடாகச் சென்று அழைக்கும் நாம், ஊசிக்கும் அழைத்தல் ஆகாதோ?

ஆதலின், சங்கத்தின் ஆலோசனைக்கு நான்கு பிரேரணைகளைச் சமர்ப்பிக்கின்றோம்.

முதலாவது: சங்கத்து மாதர் பகுதியார், நம் குடும்பங்களில் பிறக்கும் ஒவ்வொரு சிசுவின் ஊசிக் குறிப்பையும் கவனித்து வரவேண்டும். பிறந்தவுடன் பி.சி.ஜி. முதலியன, பின்னர் 6, 10, 14-ஆம் வாரங்களில், 9 மாதம் நிறைந்தவுடன் மணல்வாரிக்கு, ஒன்றரை வயதளவில் மறுமுறை, 5 வயதிலும், 10, 16 வயதுகளிலும் என்னும் முறை தவறலாகாது. குறிப்பேட்டை நிலப்பத்திரத்தைப்போல் பத்திரமாக வைத்தல்வேண்டும். ஊசி போட்ட இரவில் காய்ச்சல் கண்டால் அஞ்சி மறுமுறை போகாதிருத்தல் கூடாது. கிராம சுகாதார செவிலியரிடம் கூறி யோசனை கேட்கவேண்டும்.

இரண்டாவது: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, கோழையில் இரத்தம் இவற்றுள் ஏதேனும் காணப்பட்டால் உடனே கோழையைச் சோதிக்கவேண்டும். அரசாங்க நிலையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். 2018-ஆம் ஆண்டு முதல் சத்துணவுக்கென நோயாளிக்கு மாதந்தோறும் கொடுக்கப்பட்டு வந்த 500 ரூபாய், 2024-ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. வீட்டிலுள்ள மற்றவர்களையும் சோதித்து, நோயில்லாதவர்க்கு வருமுன் காக்கும் மாத்திரையும் தருகின்றனர்.

மூன்றாவது: மருந்துண்ணுவோர் ஒவ்வொருவருக்கும், அவர் சம்மதத்தின்பேரில், சங்கத்து அங்கத்தினர் ஒருவர் துணையாயிருந்து ஆறு மாதமும் முடியும் வரையில் ஊக்கமளிக்கவேண்டும். அவர் பெயரை வேறொருவருக்கும் சொல்லுதல் கூடாது. ஒளிவின்மை என்பது நோயாளி தம் வைத்தியரிடத்தும் குடும்பத்தாரிடத்தும் காட்டவேண்டியது. ஊர் வம்புக்குத் தீனியாக்குவதன்று.

நான்காவது, யாவற்றினும் முக்கியமானது: க்ஷயமோ குஷ்டமோ வந்து மருந்துண்டு குணமடைந்தவரையும், அவர் குடும்பத்தாரையும், அக்காரணம்பற்றிச் சம்பந்தத்தினின்றும் விலக்குவதில்லையென்று இச்சங்கம் தீர்மானிக்கவேண்டும். நம் வரன் குறிப்புப் புத்தகத்தில் இத்தகைய குறிப்புகள் இருப்பின் அவை அடிக்கப்படவேண்டும். தீர்மானம் செய்வது எளிது. தன் வீட்டுப் பெண்ணைக் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் அதன்படி நடப்பதே அரிது. முதலில் பெரிய குடும்பத்தார் நடந்து காட்டினால் மற்றையோர் தாமே பின்பற்றுவர்.

மகாஜனங்களே! கிழக்குக் கடற்கரைச் சாலையும், பழைய மாமல்லபுரச் சாலையும் நம்மைப் பட்டணத்தோடு பிணைத்துவிட்டன. நாள்தோறும் நம் வாலிபர் வேலைக்குச் செல்கின்றனர். பிற மாகாணத்துத் தொழிலாளர் நம் ஊர்களில் வந்து குடியிருக்கின்றனர். கிருமிக்கு எல்லை இல்லை, ஜாதியும் இல்லை. ஆகையால் நம் சமூகத்தை மட்டும் காத்துக்கொள்வோமென்று எண்ணுதல் பேதைமையாம். அடுத்த தெருவிலும், குப்பத்திலும், வாடகை அறைகளிலும் இருப்போர்க்கும் இவ்வுதவிகள் கிட்டும்படி நாம் முயலுதல், பரோபகாரம் மாத்திரமன்று. நம் குழந்தைகளுக்கு நாமே கட்டும் வேலியுமாம்.

யாம் கூறியவற்றில் குறையுளதேல் பெரியோர் பொறுத்து, பொருளை மாத்திரம் ஏற்றுக்கொள்வீர்களாக. நான்காவது பிரேரணையை இன்றைய கூட்டத்திலேயே வாக்குக்கு விடும்படி தலைவர் அவர்களை வணக்கத்துடன் கேட்டுக்கொண்டு, இத்துடன் எமது உரையை முடித்துக்கொள்கின்றோம். எல்லாம் வல்ல இறைவன் நம் இல்லங்களில் நோயற்ற வாழ்வை அருள்வானாக!